அசையாமல் நின்றவன்

“படுக்கையெல்லாம் வேணாம் ஆண்ட்டி. நடிக்கிறது தெரிஞ்சிடும். சும்மா நாற்காலியில உட்காருங்க. தலைய மட்டும் வாரிக்காதீங்க.”

மயிலம்மாள் கையில் எடுத்த சீப்பைக் கீழே வைத்தாள். “என்ன நோவுன்னு சொல்லணும் சார்?”

“நெஞ்சுல கட்டின்னு சொல்லுங்க, போதும். அதுக்கு மேல எவனும் கேட்க மாட்டான்.”

பிரேமநாதன் சிரம்பானிலிருந்து வந்திருந்தார். விளையாட்டுக்காரர்களின் பெயர் கெடாமல் பார்த்துக்கொள்வதும், கெட்டுவிட்டால் துடைத்துக் கொடுப்பதும் அவருடைய தொழில். அவர் கைப்பேசியை முக்காலியில் பொருத்திக்கொண்டிருக்க, மயிலம்மாளின் மகன் தர்மேந்திரன் அந்தத் தோட்டத்து வீட்டின் சுவரைப் பார்த்தபடி நின்றான்.

கால்பந்துக் கோப்பையின் அரையிறுதி ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் எதிரணிக்காரன் ஒருவன் பந்தோடு அவனைத் தாண்டிப் போனான். தற்காப்பில் நின்ற தர்மேந்திரன் காலைக்கூட அசைக்கவில்லை. போகும் பஸ்ஸை வேடிக்கை பார்ப்பவன் போல நின்றான். கோல் விழுந்தது, அவன் ஆடிய கிளப் வெளியேறியது. அன்றிலிருந்து நாடே அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தது. ‘பாத்துங்’ என்று பெயர் வைத்தார்கள், மலாயில் சிலை. அவன் தலையில் காக்கை உட்கார்ந்திருப்பதாகப் படம் செய்து அனுப்பினார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எவ்வளவு வாங்கினான் என்று எவனோ கேட்டான். அந்தக் கேள்வி பரவிய பிறகு கிளப் அவனை விசாரணைக்குக் கூப்பிட்டது. பிரேமநாதன் யோசித்துக் கண்டுபிடித்த வழி இதுதான்: தாய்க்கு நோய் என்று இடைவேளையில் செய்தி வந்தது, பையன் இடிந்து போய்விட்டான். அம்மா என்று சொல்லிவிட்டால் ஊர் வாய் மூடிக்கொள்ளும் என்றார்.

அவருக்குத் தெரியாத ஒன்று அந்த வீட்டில் இருந்தது. சிறு வயதிலேயே தர்மேந்திரன் அப்படி நிற்பான். சோறு பிசைந்த கை பாதியில் நின்றுவிடும். கண் திறந்திருக்கும், உள்ளே ஆள் இருக்காது. கூப்பிட்டால் கேட்காது. பிறகு ஒன்றுமே நடக்காதது போலக் கவளத்தை வாயில் வைப்பான். வலிப்பில் இது ஒரு வகை என்று ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். வளர வளர நின்றுபோனது. கிளப்பில் சேர்ந்தபோது தாயும் மகனும் பேசி வைத்துக்கொண்டதைப் போல அதைப் பற்றி மூச்சு விடவில்லை. இப்போது உண்மையைச் சொன்னால் காசு வாங்கினான் என்ற பேச்சு போகும். ஆட்டமும் அதோடு போகும்.

இல்லாத நோயை இருப்பதாகத் தோட்டத்தில் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். வேலைக்கு மட்டம் போடக் காய்ச்சல் என்று பொய் சொல்கிறவன்கூட முதலில் மண்ணில் துப்பிவிட்டுத்தான் சொல்வான். துப்பாமல் சொன்னால் நோய் சொன்ன வாயைத் தேடி வந்துவிடும் என்று பயம். மயிலம்மாள் எழுந்து வாசல்வரை போனாள். வாயில் எச்சில் திரண்டிருந்தது. வெளியே மண் காத்திருந்தது. மகனைப் பிடித்த நோய் ஓர் உடம்பைத்தான் தேடுகிறதென்றால் இதோ தன் உடம்பு இருக்கிறதே என்று தோன்றியது. எச்சிலை விழுங்கிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

“வேணாம்மா,” என்றான் தர்மேந்திரன். “நானே சொல்லிடறேன்.”

பிரேமநாதன் நிமிர்ந்தார். “எதச் சொல்லப் போற?”

“அவன் கெடக்கான் சார்,” என்றாள் மயிலம்மாள் அவசரமாக. “நீங்க புடிங்க.”

கைப்பேசியைப் பார்த்துத் தனக்கு நெஞ்சில் கட்டி என்றாள். பிள்ளைக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, அவனை ஏசாதீர்கள் என்றாள். குரல் நடுங்கியது, நடுக்கம் நடிப்பில்லை. ஒரு தடவை எடுத்ததே போதும், அருமை லா என்றார் பிரேமநாதன். சனிக்கிழமை அவனை லீக் ஆட்டத்தில் இறக்கிவிடலாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்.

தர்மேந்திரனும் பயிற்சிக்குக் கோலாலம்பூர் திரும்ப வேண்டும். அவன் பையைக் காரில் வைத்தபோது எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றிய லாரி ஒன்று மண் சாலையை அதிரவைத்துக்கொண்டு போனது. மயிலம்மாள் அந்தச் சக்கரங்களையே பார்த்தாள். இத்தனை நாளும் அவள் மைதானத்தை மட்டுமே நினைத்திருந்தாள்.

“திரும்ப வருதாய்யா ஒனக்கு? மறைக்காமச் சொல்லு.”

அவன் காரின் பின்கதவைச் சாத்தினான். “எப்பவாச்சும் வரும்.”

“காரு ஓட்டறப்ப?”

“இன்னிக்கு நீலாய் தாண்டினதே தெரியலம்மா. கண்ண முழிச்சிக்கிட்டுத்தான் ஓட்டிக்கிட்டு இருந்தேன். திடீர்னு பார்த்தா செண்டாயான் போர்டு வந்திருச்சி.”

நேற்றுவரை கிளப் டாக்டரிடமாவது இதைச் சொல்லியிருக்கலாம். இனி சொன்னால் அந்த வீடியோ பொய்யாகும், அவன் பெயர் முன்பைவிட நாறும். அவள் வாயால் அவளே அடைத்த வழி. தர்மேந்திரன் முதுகைக் காட்டியபடி முன்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் தெரியவில்லை. லாரி கிளப்பிய செம்புழுதி அவன் தோளில் படிந்தது, அவன் தட்டிவிடவில்லை. அவள் பக்கத்தில் போய்க் கையை நீட்டினாள்.

“சாவியக் குடு தர்மா. ரயில்ல போய்க்கய்யா.”