ஏழாம் மெஷினின் பிணங்கள்

குழாய் வரைபடம் பாதியில் நின்றது. திரையின் அடியில் ஒரே வரி: செக்மென்டேஷன் ஃபால்ட், கோர் டம்ப்டு. ஏழாம் மெஷினில் இருந்த வரைவாளர் பெண்ணின் விரல்கள் அப்படியே நின்றன. இந்த வாரத்தில் மூன்றாவது முறை.

ஒரு ப்ரோக்ராம் செத்தால், அந்த நொடியில் நினைவகத்தில் இருந்ததையெல்லாம் மெஷின் ஒரு கோப்பாகக் கொட்டிவிடும். அதற்குப் பெயர் கோர். அந்த அறையில் அதைப் ‘பொணம்’ என்பார்கள். சாயங்காலம் மேலாளர் வந்து பிணங்களை எண்ணுவார். யார் மெஷினில் அதிகமோ, அவர் கை சரியில்லை என்று அர்த்தம். போன மாதம் அப்படித்தான் இரண்டு பேருக்கு வேலை போனது.

அவள் சுற்றும்முற்றும் பார்த்தாள். அழிக்கும் கட்டளையைத் தட்டினாள்: ஆர், எம், கோர், என்டர். பிணம் போயிற்று. வீட்டுக்காரருக்கு வேலை போய் ஆறு மாதம். அவளும் போய் வீட்டில் உட்கார்ந்தால் அடுப்பு எரியாது.

பிணத்தை மறைக்கலாம், தாமதத்தை எங்கே மறைப்பது? மறுநாள் மேலாளர், மெஷின்களைப் பழுதுபார்க்கும் சிஸ்டம்காரரோடு வந்து நின்றார்.

“மூணு படத் தாள் இன்னும் வரல. கேட்டா மெஷின் நிக்குதுங்கிற.”

“நெஜமாவே நிக்குது சார்.”

“மெஷினுக்குள்ள மெமரி கார்டு கெட்டுப் போயிருக்கும்னு தோணுது” என்றார் சிஸ்டம்காரர். “பொணத்தக் காட்டும்மா. அறுத்துப் பாத்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.”

“அழிச்சிட்டேன்ணே. பயத்துல.”

“எத்தனைய?”

“எல்லாத்தையும்.”

“அடிப்பாவி! இருந்த ஒரே சாட்சியையும் கொன்னுட்டியேம்மா.”

மேலாளர் கையைக் கட்டிக்கொண்டார். “சரி, இப்ப ஓட்டிக் காட்டு. நின்னா நம்பறேன்.”

ஓட்டினாள். இருப்பதிலேயே பெரிய தாளைத் திறந்தாள். அதன்மேல் இன்னொன்று. நின்று தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினாள். அரை மணி நேரம், பாழாய்ப்போன மெஷின் அன்றைக்கென்று பரம சாதுவாக ஓடியது.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்றார் மேலாளர்.

“சார், ஒரு ராத்திரி பூரா மெமரிய சோதிச்சா...” என்று இழுத்தார் சிஸ்டம்காரர்.

“ரெண்டாம் ஷிஃப்டுக்கு மெஷின் வேணும்யா. நீ போய் உன் வேலையப் பாரு.”

சிஸ்டம்காரர் அவளைப் பார்க்காமல் போனார். அன்று சாயங்காலமே வேலைநீக்கக் கடிதம் வந்தது.

அடுத்த வாரம் வாசல் அட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், ஏழாம் மெஷினில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். அந்தப் பெண்ணின் விரல்கள் சட்டென்று நின்றன. திரையின் அடியில் அதே வரி தெரிந்தது. புதுப்பெண் சுற்றும்முற்றும் பார்த்தாள்.

“அழிக்காத! ஏய், அழிக்காதம்மா!” இவள் கண்ணாடியை உள்ளங்கையால் தட்டினாள்.

“கதவத் தட்டக்கூடாதும்மா. அட்டையக் குடுத்துட்டுக் கெளம்பு” என்றார் காவலாளி.

உள்ளே யாருக்கும் கேட்கவில்லை. புதுப்பெண் ஆறேழு எழுத்துத் தட்டி, என்டரை அழுத்தினாள்.