முன் டிஃபரென்ஷியல் செத்துப்போகவில்லை

என் வீட்டுக்காரர் ஃபோர்வீல் சுவிட்சைப் போடவே இல்லை. போட்டிருந்தால் அந்தக் களிமண் வளைவில் வண்டி மாட்டியே இருக்காது. இதை வாய்விட்டுச் சொன்னால் ஒரு நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும். ஆனால் நாத்தனார் தன் அண்ணனை ஆயுசுக்கும் விடமாட்டாள்.

மனைவி இதை மனதோடு வைத்துக்கொண்டாள். வெல்டிங் பட்டறை வாசலில், கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளியின் மேல் உட்கார்ந்து, பைக்குள் இருந்த வண்டிச் சாவியை விரலால் நெருடிக்கொண்டிருந்தாள்.

பட்டறை நாத்தனாருடையது. கேட்டோ கிரில்லோ, உடைந்த நாற்காலிக் காலோ, எதைக் கொடுத்தாலும் ஒட்டித் தந்துவிடுவாள். இப்போது ஏ.டி.வி.யின் முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கியிருந்தாள். பைக்குக்கு இருப்பது போன்ற ஹேண்டிலும் நாலு பருத்த சக்கரங்களும் கொண்ட வண்டி. சரிவில் இருக்கும் நாற்றுப் பண்ணைக்குக் கன்றுகளும் உர மூட்டைகளும் இதில்தான் ஏறும். தினமும் ஓட்டுவது மனைவி. முந்தாநாள் அவளுக்குக் காய்ச்சல் என்று கணவன் எடுத்துப்போனான். அன்றைக்குத்தான் மாட்டியது.

நாத்தனார் இடது முன்சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டாள். அது சுழன்றது. வலது சக்கரம் அசையக்கூட இல்லை.

“பாத்தியா அண்ணி? ஒண்ணு உழைக்குது, இன்னொண்ணு தேமேன்னு நிக்குது. நம்ம வீட்டு ஆம்பளைங்க மாதிரி.”

“நான்தான் அப்பவே சொன்னேனே,” என்றான் கணவன். “முன் டிஃபரென்ஷியல் செத்துப்போச்சு. நான் மட்டும் பின்னாடி நின்னு தள்ளலேன்னா வண்டி இன்னும் அங்கதான் கிடக்கும்.”

“நீ தள்ளினியா? உன் சட்டையப் பாத்தா வண்டிதான் உன்னத் தள்ளின மாதிரி இருந்துச்சு!”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அன்றைக்குக் காய்ச்சலோடு நடந்தே போய்ச் சேர்ந்தபோது பின்சக்கரங்கள் இரண்டும் பாதி புதைந்திருந்தன. அவள் ஏறி உட்கார்ந்ததும் கண்ணில் பட்டது ஹேண்டிலில் இருந்த சுவிட்ச்தான். அது ‘இரண்டு சக்கரம்’ என்ற குறியில் நின்றது. கட்டைவிரலால் நாலு சக்கரத்துக்குத் தள்ளினாள். பின்னால் அவன் மூச்சைப் பிடித்து முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தான். மெல்ல ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்தாள். பின்சக்கரம் ஒரு வழுக்கு வழுக்கியது. காலடியில் ‘டக்’ என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான், முன்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து மண்ணைக் கவ்வி, வண்டியை மேட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டன. அவன் பிடி விட்டு முகங்குப்புற விழுந்தான்.

அந்த ‘டக்’ அவளுக்கு உயிர். ஒருமுறை எண்ணெய் கசியாமல் காக்கும் சீல் மாற்றுவதற்காக, முன்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் அந்த டிஃபரென்ஷியல் பெட்டியைத் திறந்தபோது மேசைமேல் வைத்துப் பார்த்திருக்கிறாள். உள்ளே எண்ணெயில் ஊறிய சின்னச் சின்ன உருளைகள், வட்டமாக. சுவிட்சைப் போட்டு மின்சாரம் வந்தாலும் அவை அவசரப்படுவதில்லை, தயாராக மட்டும் நிற்கின்றன. பின்சக்கரம் வழுக்கினால்தான் இறுகிக்கொள்கின்றன. பிடிமானம் திரும்பியதும் தாமாகவே விட்டுவிடுகின்றன. வளைவில் வெளிச்சக்கரம் அதிகம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைவாக. அந்த நேரத்தில் அதனதன் போக்குக்கு விட்டுவிடுகின்றன. அதனால்தான் இத்தனை சுமையோடும் ஹேண்டில் அவள் கைக்கு லேசாகத் திரும்பியது. இதை யோசித்துச் செய்தவர்கள் யாரோ, கட்டாயம் மலைச்சரிவில் கை வலிக்க ஓட்டியவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வாள்.

ஜாக்கியில் தூக்கி, சாவி போடாமல், கையால் சுற்றினால் ஒரு சக்கரம் சுழலத்தான் செய்யும், மற்றது நிற்கத்தான் செய்யும். மின்சாரம் போகாமல் அந்த உருளைகள் எதைப் பிடிக்கும்? சாவி அவள் பையில் இருந்தது. வெளியே, தண்ணீர்த் தொட்டி வழிந்த இடத்தில், வேண்டிய அளவு சேறும் இருந்தது. காட்டிவிடலாம். காட்டினால், அன்றைக்கு ஏன் வேலை செய்யவில்லை என்ற கேள்வி வரும்.

“உள்ள ரெண்டு பக்கத்தையும் சேத்து ஒரே ஒட்டா ஒட்டிடறேன் அண்ணி,” என்றாள் நாத்தனார். “அப்புறம் ஒண்ணு சுத்தினா இன்னொண்ணும் சுத்தித்தான் ஆகணும். எந்தச் சேத்துலயும் நிக்காது.”

உண்மைதான். ஆனால் வளைவிலும் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். ஒவ்வொரு திருப்பத்திலும் ஹேண்டில் அவளோடு மல்லுக்கு நிற்கும். சாயங்காலம் சோற்றுக் கரண்டியைப் பிடிக்க மணிக்கட்டு இருக்காது. ஒருமுறை ஒட்டிவிட்டால் பிரிக்கவும் முடியாது.

நாத்தனார் ஏதோ நினைத்துக்கொண்டவளாக நிமிர்ந்தாள். “அண்ணா, அந்த ஃபோர்வீல் சுவிட்சப் போட்டுதான ஓட்டின?”

“போடாம ஓட்டறதுக்கு நான் என்ன சின்னப் பிள்ளையா?”

சொல்லும்போதே அவன் பார்வை ஹேண்டில் பக்கம் போய், சுவிட்சில் ஒரு கணம் நின்று, தரைக்கு வந்துவிட்டது.

அவள் அதைப் பார்த்தாள். இத்தனை நேரம் அவன் தெரியாமல் பேசுகிறான் என்றே நம்பியிருந்தாள். அப்படி நம்புவது சுலபமாக இருந்தது. அப்படியானால் இவருக்குத் தெரியுமா, தெரிந்துகொண்டேதான் என் மணிக்கட்டைப் பணயம் வைக்கிறாரா? கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. சுவிட்ச் போட மறந்த ஒரு மனிதன், தங்கையின் கேலிக்குப் பயந்து நின்றுகொண்டிருந்தான். பாவமாகக்கூட இருந்தது. ஆனால் அந்தப் பாவத்துக்காக அந்த உருளைகளை நெருப்பில் காட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

நாத்தனார் முகமூடியை எடுத்து நெற்றிமேல் மாட்டிக்கொண்டாள். “என்ன அண்ணி, சொல்லு. நீதான ஓட்டற. ஆரம்பிச்சிடட்டுமா?”

“சரின்னு சொல்லேம்மா,” என்றான் கணவன். குரல் இறங்கியிருந்தது. “ஒட்டிட்டா ஒரு தொல்லை விட்டுது.”

அவள் எழுந்து போய் ஜாக்கியின் கைப்பிடியைப் பிடித்தாள். கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள். முன்சக்கரங்கள் தரையைத் தொட்டு அமுங்கி நின்றன.

“வேணாம்,” என்றாள்.

“ஏன் அண்ணி? செத்துப்போனத வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?”

அவள் கணவனைப் பார்க்கவில்லை. எதற்கும் காரணம் சொல்லியே பழகிய நாக்கு. இப்போதும் ஒரு காரணம் அதன் நுனியில் வந்து நின்றது. விழுங்கிவிட்டாள்.

“இப்படியே இருக்கட்டும். தொட வேணாம்.”

சாவியைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டு, வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.