அடுப்பங்கரைத் தடம்

"உளியை எடுத்தப்பவே வேணாம்னு சொன்னேன்ல..."

"நீ எங்க சொன்ன? பாத்துட்டுச் சிரிச்சியே!"

"தலையில அடிச்சுக்கிட்டேங்க! அது உங்களுக்குச் சிரிப்பாத் தெரிஞ்சுதா?"

"மெதுவாப் பேசு. மேடம் காதுல விழும்" என்று மனைவியை அடக்கினார் டீக்கடைக்காரர்.

கடை வாசலில், பார்க்கிறவர்களெல்லாம் முதலையா என்று கேட்கும் சிமெண்ட் டைனோசருக்குக் கீழே, ஆராய்ச்சிக்கார மேடம் மண்டியிட்டுப் பாறையைத் தூரிகையால் நீவிக்கொண்டிருந்தாள். வீடும் கடையும் அவள் வாயில் வரப்போகும் ஒரு சொல்லில் தொங்கின. பாறையில் இருப்பது உண்மையான டைனோசர் காலடிதான் என்று அவள் எழுதிக் கொடுத்தால், அகலப்படுத்தும் சாலை வளைந்து போகும். இல்லையென்றால் நேரே அடுப்பின்மேல் ஏறும்.

காலடி உண்மைதான். மூன்று தடம், வரிசையாக, வீட்டைப் பார்த்து வரும். ஆனால் ஆழமில்லாமல் மங்கலாக இருந்தன. வண்டியை நிறுத்திப் பார்த்தவர்கள், "இதுவா? மழைத் தண்ணி நின்ன குழி மாதிரியில்ல இருக்கு" என்று உதட்டைப் பிதுக்கினார்கள். கடைக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்றுக்கும் உளியால் நகம் வைத்துவிட்டார்.

மேடம் முழங்காலைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். "ஐயா, மூணும் செதுக்கினது."

"செதுக்கல மேடம். கொஞ்சம் சீர் பண்ணேன்."

"மூணாவதுல ஒரு விரல் கூட இருக்கே?"

"அது... போட்டோவுக்கு எடுப்பா இருக்கும்னு."

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

"அடியில நிஜத் தடம் இருந்திருக்கலாம். இனி சொல்ல முடியாது. தெளிவில்லைன்னு எழுதறேன். வேற யாராவது வந்து பாத்தா உங்க அதிர்ஷ்டம்." மேடம் பையை மூடினாள்.

"நில்லுங்க மேடம்! நாலாவது ஒண்ணு இருக்கு."

"ஏய்!" என்றார் கடைக்காரர்.

"அடுப்பங்கரையில. முன்னாடி வெறும் பாறைதான் தரை. அந்தக் குழியில எத்தனை தடவை கால் இடறியிருப்பேன்! நான் அக்கா வீட்டுக்குப் போயிருந்தப்ப இவர்தான் மேல தளம் போட்டாரு. உனக்காகத்தான்னாரு."

மேடத்தின் முகம் மாறியது. "யாரும் கை வைக்காத தடம்னா அது ஒண்ணே போதும், வீடு நிக்கும். ஆனா அதுலயும் உளி பட்டிருந்தா, மோசடின்னுதான் எழுதணும். அப்புறம் யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. யோசிச்சுக்கங்க."

மனைவி அதற்குள் கடப்பாரையைத் தூக்கியிருந்தாள். கடைக்காரர் அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்மா. தளம் வீணாப் போயிடும்."

"வீடே போகுது, தளத்துக்கு அழறீங்களா? விடுங்க!"

அவர் விடவில்லை. உள்ளங்கை வேர்வையில் இரும்பு வழுக்கியது.

வாசற்படியில் நின்ற மேடம் பேச்சுவாக்கில் சொன்னாள்: "ஒண்ணு சொல்லணும். முதல் தடத்துல கூட ஒரு வெட்டு பிசகல. கை நல்லாப் பழகின வேலை."

மனைவி கணவரைப் பார்த்தாள். ஆணி அடித்தால் விரலை நசுக்கிக்கொள்ளும் மனிதர். அவள் ஊரிலிருந்து திரும்பி வந்தபோது தளம் காய்ந்திருந்தது. வெளியே உளிச்சத்தம் கேட்டது அதற்கு மறுநாள்தான்.

கடப்பாரையில் அவள் பிடி தளர்ந்தது.

"என்னங்க... வெளியில இருக்கறதைத் தொடறதுக்கு முன்னாடி, நீங்க எதுல கை பழகினீங்க?"