இரண்டு முழ உயரத்தில் ஒரு கம்பி

மார்ச் 11, செவ்வாய்

இன்று செய்த தவறு: குளியலறைச் சுவரில் ஆறு துளைகளைத் தவறான உயரத்தில் போட்டுவிட்டேன்.

வீட்டுப் பழுதுவேலைக்கான மாலை வகுப்பில், நாட்குறிப்பை அன்றைய தவறில் தொடங்கி மறுநாள் வேலையில் முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். தொடக்க வரிக்கு ரொம்ப யோசிக்க வேண்டியிருக்கிறது என்று உடன் படிப்பவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கஷ்டம் வந்ததே இல்லை.

அம்மாவுக்கு முழங்கால் மூட்டில் அறுவை சிகிச்சை நடந்து, இன்னும் மருத்துவமனையில்தான் இருக்கிறாள். கோல் ஊன்றி நன்றாகவே நடக்கிறாள். ஆனால் கழிப்பறையில் உட்காரவும் எழவும் ஓர் உதவியாளர் உள்ளே வந்து தூக்கிவிட வேண்டியிருக்கிறது. கதவைச் சாத்த முடிவதில்லை. "ரெண்டு பிள்ளைங்கள உக்கார வெச்சு எழுப்பினவ நான். இப்போ என்னை யாரோ உக்கார வெச்சு எழுப்புறாங்க" என்று போனில் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அண்ணன் வீடு மாடியில் இருக்கிறது. படி ஏற முடியாது. எங்கள் வீடு தரைத்தளம் என்பதால் இங்கேதான் வருகிறாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள்.

"பிடிச்சு எழுந்துக்க சுவத்துல ஒரு கம்பி போட்டு வை. அது போதும். யாரும் என்னைத் தொட வேண்டாம்."

"எவ்வளவு உயரத்துலம்மா?"

"தரையிலேர்ந்து ரெண்டு முழம்."

போன மாதம் வரை வாடகை வீட்டில் இருந்தோம். ஆணி அடிக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். காலண்டர்கூட ஜன்னல் கம்பியில்தான் தொங்கியது. சொந்த வீடு வந்த பிறகும் சுத்தியலைக் கையில் எடுத்தால் யாரோ அதட்டப்போகிறார்கள் என்று தோன்றுகிறது. டிரில் மெஷின் வாடகைக்கு எடுக்கப் போனபோது கடைக்காரரும் அதையேதான் கேட்டார்.

"டைல்ஸ்ல ஓட்டை போடணும்னா வீட்டுக்காரரைக் கேட்டுட்டீங்களாம்மா?"

"எந்த வீட்டுக்காரர்?"

"வீட்டு ஓனரு."

"நான்தான்."

"சரி, உங்க வீட்டுக்காரர்?"

"அவருக்கு டிரில் சத்தம் கேட்டாலே பல்லு கூசும்."

வகுப்பில் சொன்னபடியே எல்லாம் செய்தேன். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை டேப் வைத்து அளந்தேன்: ஐம்பது சென்டிமீட்டர். இரண்டு முழம் என்றால் நூறு. சந்தேகத்துக்கு இன்னொரு தரம் அளந்தேன். துளைமுனை வழுக்காமலிருக்க டைல்ஸ் மேல் டேப் ஒட்டி, மெதுவாக அழுத்தி, ஒரு விரிசல்கூட விழாமல் ஆறு துளைகளையும் போட்டேன். கம்பியை மாட்டி ரசமட்டம் வைத்துப் பார்த்தால், குமிழி நடுவில் நின்று அசையவே இல்லை. என்னை நானே மெச்சிக்கொண்டேன். அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வேலையிலிருந்து வந்த வீட்டுக்காரர் கமோடில் உட்கார்ந்து கையை உயர்த்திக் கம்பியைப் பிடித்தார்.

"எந்த ஸ்டாப்ல இறங்கணும்?" என்றார்.

"என்ன?"

"பஸ்ல தொங்கிட்டுப் போற மாதிரி இருக்கு. எனக்கே இப்படின்னா அத்தைக்கு?"

அப்போதுதான் உறைத்தது. அம்மா சொன்னது இரண்டு முழம்தான். ஆனால் யாருடைய முழம்? எங்கள் வீட்டில் எனக்குக் கொக்கு என்று பெயர். கை நீட்டினால் பரண்மேல் இருப்பதை எடுத்துவிடுவேன். அம்மா என் தோளுக்குத்தான் இருப்பாள்.

"ஒரு ஆளைக் கூப்பிட்டுருவோமா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, அதனால் கூடுதலாக வலித்தது. கூப்பிட்டும் பார்த்தேன். அடுத்த வாரம்தான் வர முடியும் என்றார்கள்.

நாளைய வேலை: அம்மாவின் முழத்தை அளக்க வேண்டும்.

மார்ச் 12, புதன்

இன்று செய்த தவறு: எதற்கு அளக்கிறோம் என்பதை முதலிலேயே சொல்லாமல் விட்டேன்.

அண்ணன் அம்மாவுடன் இருக்கும் நேரம் பார்த்து அழைத்தேன்.

"அண்ணா, அம்மாவோட கையை அளந்து சொல்லேன்."

"என்ன கொக்கு, காலையிலேயே? கையில எங்க?"

"முழங்கையிலேர்ந்து விரல் நுனி வரைக்கும்."

பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "எதுக்குடா அளக்கச் சொல்றா? வளையலா? புது வீடு வாங்கின கையோட எதுக்கு வீண் செலவு? நீட்டமா எதுக்கு அளக்கிறே, வளையலுக்குச் சுத்தளவு பாக்கணும்டா."

"வளையல் இல்லம்மா, கக்கூஸ் கம்பிக்கு" என்றான் அண்ணன்.

டேப்பை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "நாப்பத்தொண்ணு" என்றான். "அம்மா மூஞ்சிய அளக்க முடியல. அவ்வளவு நீளமா இருக்கு."

இரண்டு முழம் எண்பத்திரண்டு. நான் போட்டிருப்பது அதற்கு ஒரு சாண் மேலே.

கம்பியைக் கழற்றி, கீழே புதிதாக ஆறு துளைகள் போட்டு மாட்டினேன். ஐந்து திருகுகள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. ஆறாவது, முடுக்க முடுக்கச் சும்மா சுற்றியது. ஐந்து பிடித்தால் போதாதா என்று ஒரு கணம் நினைத்தேன். அம்மா எழும்போது மொத்தக் கனமும் இந்தக் கம்பியில்தான் இறங்கும். இது பிடுங்கிக்கொண்டு வந்தால் அவள் தரையில் கிடப்பாள்; அதற்குப் பிறகு கதவைச் சாத்த யாரும் விடமாட்டார்கள். திருகை எடுத்துவிட்டு, கடைக்குப் போய், துளைக்குள் செருகத் தடிமனான பிளக்கும் நீளமான திருகும் வாங்கி வந்தேன். இந்த முறை பிடித்தது.

வீட்டுக்காரரை இழுத்துப் பார்க்கச் சொன்னேன். இரண்டு கையாலும் பிடித்து, காலைச் சுவரில் முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தார்.

"அசையுதா?"

"என் முதுகுதான் அசையுது."

நாளைய வேலை: குளியலறையைக் கழுவ வேண்டும். வழுக்காத மிதியடி வாங்க வேண்டும். இன்னொரு தரம் இழுத்துப் பார்க்க வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

இன்று செய்த தவறு: கதவுக்கு வெளியே நின்றுகொண்டு "ஆச்சாம்மா?" என்று கேட்டேன்.

அண்ணன் அழைத்து வந்ததும் அம்மா தண்ணீர்கூடக் கேட்கவில்லை. கோலை ஊன்றி நேராகக் குளியலறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். திரும்பிப் பார்த்தாள். நின்றுவிட்டேன்.

"தாழ்ப்பாள் மட்டும் போடாதம்மா" என்று அண்ணன் கூடத்திலிருந்து கத்தினான்.

தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

அண்ணன், வீட்டுக்காரர், நான் மூவரும் கதவின் முன்னால் நின்றோம். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. எனக்கு அந்த ஆறாவது திருகுதான் கண்முன் நின்றது. நேற்று இரண்டு தரம், இன்று காலை ஒரு தரம் இழுத்துப் பார்த்திருந்தேன். இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஆச்சாம்மா?"

"உன் வேலையப் பாருடி!"

அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கொட்டும் சத்தம், குழாய்ச் சத்தம், தாழ்ப்பாள். கையைத் துடைத்தபடி அம்மா தானாக வெளியே வந்தாள்.

"கம்பி சரியா இருக்காம்மா?"

"கம்பிக்கு என்ன? கை வெச்ச இடத்துல இருக்கு." நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். "ஆமா, அதுக்கு மேல சுவத்துக்கு அம்மை போட்ட மாதிரி என்ன அது ஓட்டை ஓட்டையா?"

"அது என் முழம்மா. நீ ரெண்டு முழம்னு சொன்னியே, என் கையால அளந்துட்டேன்."

அம்மா என் கையை இழுத்துத் தன் கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். என் விரல்கள் அவளுடையவற்றைத் தாண்டி நீண்டிருந்தன.

"கழுதை மாதிரி வளர்ந்திருக்கே. இதைத்தான் நான் மறந்துட்டேன்" என்றாள். பிறகு, "வளையல்தான் இல்லைன்னு ஆச்சு. ஒரு காபியாவது போடு."

காபி குடித்த பிறகு இன்னொரு தரம் போய்வந்தாள். இந்த முறை நான் சமையலறையிலேயே இருந்தேன்.

நாளைய வேலை: மேலே இருக்கும் ஆறு துளைகளையும் வெள்ளை சிமென்ட் வைத்து அடைக்க வேண்டும்.