எட்டடி முதலை

சித்திரை மாசத்தில் சேந்தனேரி அணைத் தண்ணீர் வற்றி, நடுவில் இருக்கிற பள்ளத்தில் போய் ஒதுங்கிவிடும். மீனும் அங்கேதான் ஒதுங்கும். ஞானராஜ் மாதிரி பரிசல்காரர்களும் அங்கேயே வலை விடுவார்கள். அதுவரை யாருக்கும் தொந்தரவில்லை. தொந்தரவு ஞாயிற்றுக்கிழமைகளில் காரில் வந்தது.

விழுப்புரத்தில் இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருக்கிற ஜெகதீசன் தன் கூட்டாளிகள் ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வருவார். தலையில் பச்சைத் தொப்பி, உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த சட்டை, கையில் மடக்குத் தூண்டில். பிடித்த மீனை மார்போடு அணைத்துப் படம் எடுத்துவிட்டு, தடவிக்கொடுத்துத் திரும்பத் தண்ணீரில் விடுவார்கள். ஞானராஜின் மனைவி பவுலின் அணைக்கரையில் மீன் பொரித்து விற்பவள். முதல் தடவை இதைப் பார்த்தபோது, "திரும்ப உடறதுக்கு எதுக்குப் புடிக்கணும்? அது பாட்டுக்கு உள்ளயே இருந்திருக்குமே" என்று கேட்டாள். அதற்கு அவர்களில் ஒருவர் நீளமாக விளக்கம் சொன்னார். அவளுக்கு எண்ணெய் காய்ந்துவிட்டது, பாதியில் திரும்பிக்கொண்டாள்.

அவர்கள் இரையாக வீசும் ரப்பர் தவளை அடிக்கடி ஞானராஜின் வலையில் மாட்டும். ரப்பர் தவளை ஜப்பானிலிருந்து வந்தது. வலை ஞானராஜ் உட்கார்ந்து பின்னியது. அதனால் எதை அறுப்பது என்பதில் அவர்களுக்குக் குழப்பமே வந்ததில்லை.

மூன்றாவது வாரமும் வலை அறுந்து கிடந்தபோது ஞானராஜ் மாதா கோயில் பூசை முடிந்து நேராகக் கரைக்கு வந்திருந்தான். ஜெகதீசன் முழங்கால் தண்ணீரில் நின்றபடி, "சாரிண்ணா, மாட்டிக்கிச்சு" என்றார்.

ஞானராஜ் சண்டை போடத் தெரியாதவன். கிழிந்த வலையை வாரிப் பரிசலில் போட்டான். பிறகு, "பரவால்ல சார். தண்ணியில மட்டும் எறங்காதீங்க. முதலை ஒண்ணு சுத்திக்கினு இருக்குது" என்றான்.

அந்த வார்த்தை எங்கிருந்து வந்ததென்று அவனுக்கே தெரியாது. ஜெகதீசன் எப்போது கரையேறினார் என்பதையும் அவன் பார்க்கவில்லை. பார்த்தபோது அவர் காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டிருந்தார்.

கார் விழுப்புரம் போய்ச் சேரும் முன்பே அவருடைய குரல் பதிவு மாவட்டத்தைச் சுற்றிவிட்டது. சாயங்காலம் திண்டிவனத்திலிருந்து பவுலினின் தங்கச்சி போன் செய்து, "அத்தானுக்கு எந்தக் காலு போச்சுக்கா?" என்று அழுதாள்.

மறுநாள் மீன் ஆபீசிலிருந்து இன்ஸ்பெக்டர் அன்புச்செல்வன் ஒரு ரைட்டரோடு வந்து இறங்கினார். கரையில் ஊரே கூடியிருந்தது. அத்தனை பேர் முன்னால் சும்மா சொன்னேன் என்று சொல்ல ஞானராஜுக்கு வாய் வரவில்லை.

"எவ்ளோ நீளம் இருக்கும்?"

ஞானராஜ் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தான். அது போதாதென்று தோன்றவே பரிசலைக் காட்டினான். "இதுக்குக் கொஞ்சம் கூட இருக்கும் சார்."

ரைட்டர் பரிசலை அளந்து எட்டடி என்று எழுதினார். ஞானராஜ் கையெழுத்துப் போட்டான். அந்தக் கையெழுத்து காய்வதற்குள், மறு உத்தரவு வரும்வரை அணையில் யாரும் மீன் பிடிக்கக் கூடாது என்று போர்டு நட்டார்கள். போர்டில் முதலைப் படம் ஒன்றும் இருந்தது. அதற்குப் பல் கொஞ்சம் அதிகம்.

இப்படி ஒரு முடிவை ஞானராஜ் நினைத்தே பார்க்கவில்லை. தூண்டில்காரர்கள் ஒழிந்தார்கள், சரி. கூடவே அவனும், மீனவர் சங்கத்தில் இருந்த இருபத்திரண்டு பரிசல்காரர்களும் ஒழிந்தார்கள். பரிசல்களைக் கரையில் கவிழ்த்து வைத்தார்கள். கோழிகள் அதற்கடியில் முட்டையிட்டன.

பவுலின் மட்டும் அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போதே கேட்டுவிட்டாள். "நெசமாவே பாத்தீங்களா?"

"இல்ல."

"அப்போ போய்ச் சொல்லிட்டு வாங்க."

வைகாசியில் அவன் வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு மீன் ஆபீசுக்குப் போனான். அன்புச்செல்வன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"முதலை இல்லன்னு நான் எப்படிச் சொல்றது ஞானராஜ்? அது வன ஆபீஸ் சப்ஜெக்ட். அவங்க ஒரு லெட்டர் குடுத்தா ஒடனே திறந்துடுவேன்."

வன ஆபீஸ் அதே காம்பவுண்டில், புளிய மரத்துக்கு அந்தப் பக்கம். அங்கிருந்த அதிகாரி, "இருந்தா நாங்க லெட்டர் குடுப்போம். இல்லாததுக்கு எப்படிக் குடுக்க முடியும்? ஒரு மிருகம் இல்லேன்னா அது எங்க சப்ஜெக்டே கெடையாது" என்றார்.

ஞானராஜ் புளிய மரத்தைத் தாண்டித் திரும்ப வந்தான். "சார், நான் பொய் சொல்லிட்டேன் சார். அதையாவது எழுதிக்குங்க."

அன்புச்செல்வன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இங்க பாருங்க. உங்க எட்டடி முதலைய நான் மேல அனுப்பியாச்சு. மேல இருந்து அதுக்கு மேல போயாச்சு. இப்ப பொய்னு சொன்னா உங்க மேல கேஸ், என் மேல மெமோ. ரெண்டு பேருக்கும் பேஜாரு. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே."

இருந்தது. ஆடிக்காற்றில் அணைத்தண்ணீர் அலையடித்தபோது இரண்டு பேர் அதன் முதுகைப் பார்த்தார்கள். ஆவணியில் வந்த கமிட்டி மூன்று நாள் விருந்தினர் மாளிகையில் தங்கி, ஒரு பனங்கட்டையைப் பல கோணங்களில் படம் எடுத்துப் போனது. சங்கத்தில் அவனோடு பரிசல் விடுகிற முத்துசாமியே, "காலையில வாலு தெரிஞ்சுதுடா" என்று சத்தியம் செய்தான். அவனை நேராகப் பார்க்க ஞானராஜுக்குக் கூச்சமாக இருந்தது. ஞானராஜ் கரும்பு வெட்டவும் மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கவும் கண்டாச்சிபுரம் பக்கம் கூலிக்குப் போனான்.

வியாபாரம் நடந்தது பவுலினுக்குத்தான். முதலை பார்க்க ஜனங்கள் குடும்பத்தோடு வந்தார்கள். ஜெகதீசன் தூண்டிலை விற்றுவிட்டு நீள மூக்கு வைத்த கேமரா ஒன்று வாங்கியிருந்தார். அவள் புதுச்சேரியிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்த கடல்மீனைப் பொரித்தாள். அணைமீன் ருசியே தனி என்று சொல்லிச் சாப்பிட்டார்கள். அவள் மறுக்கவில்லை, ஆனால் ஒரு நாள் அடுப்பை அணைத்துவிட்டு, "இது நல்லால்லீங்க. ஊரே சேந்து ஒண்ணுமில்லாததப் பாத்துக்கினு நிக்குது" என்றாள்.

கார்த்திகையில் மழை கொட்டி அணை நிரம்பியது. ஷட்டர் இரண்டைத் திறந்துவிட்டார்கள். அன்புச்செல்வனுக்கு அப்போதுதான் வழி கிடைத்தது. "மேற்படி முதலை உபரிநீருடன் வெளியேறியிருக்கக்கூடும் எனக் கருதப்படுகிறது" என்று ஒரு வரி எழுதினார். மேலே ஒப்புக்கொண்டார்கள். தை பிறந்ததும் போர்டைப் பிடுங்கினார்கள்.

எட்டு மாசம் வலையே படாத மீன். கட்லா ஒவ்வொன்றும் கைக்குழந்தை கனம் இருந்தது. பரிசல்காரர்கள் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் சிரித்துக்கொண்டே இழுத்தார்கள். ஞானராஜும் சிரித்தான்.

மாசியில் காணைப் பக்கத்திலிருந்து அப்பாதுரை என்று ஒருத்தர் அவனைத் தேடி வந்தார். அணையின் உபரிநீர் போய்ச் சேருகிற மல்லனேரியில் மீன் பிடிக்கிறவர். அறுபது வயதிருக்கும். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருப்பார் போல, காலைத் தடவிக்கொண்டார்.

"போர்டு இப்ப எங்க ஏரியில கீதுப்பா. நீதான் மொதல்ல பாத்தவனாம். அது எந்த நேரத்துல வெளிய வரும்னு சொன்னீன்னா, மத்த நேரத்துல நாங்க எறங்கிக்குவோம்."

ஞானராஜ் கையிலிருந்த வலையைக் கீழே வைத்தான். எல்லாவற்றையும் சொன்னான். அறுந்த வலை, பரிசல், புளிய மரம், ஒன்றையும் விடவில்லை.

அப்பாதுரை கேட்டு முடித்து எழுந்தார். "உங்க அணையில மீன் வந்தாச்சு. எங்களுக்குச் சொல்ல மனசு வரல. அதானே? கவர்மெண்டு பேப்பர்லயே போட்டுக்கிறான், நீ இல்லங்கற." கோபமாகக்கூட இல்லை. வருத்தமாகச் சொன்னார்.

அவர் பின்னாலேயே ஞானராஜும் பஸ் ஏறினான். மல்லனேரிக் கரையில் போர்டைத் தாண்டிப் போய், சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினான். இடுப்பு, மார்பு, கழுத்து என்று போய் அங்கேயே நின்றான். கரையில் கூட்டம் சேர்ந்தது. எல்லார் கையிலும் போன். ஒரு பெண் வெளியே வரச்சொல்லிக் கும்பிட்டாள். "முதலையப் புடிக்க சேந்தனேரியில இருந்து ஆள் வந்துக்கிறாங்க" என்று ஒருத்தன் யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஒரு மணி நேரம் ஆனது. உடம்பு நடுங்கியது. பயத்தில் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் காலில் ஏதோ உரசியபோது அவனே ஒரு எட்டு கரைப்பக்கம் நகர்ந்துவிட்டான். விராலாக இருக்கும்.

"அண்ணே, ஒரு வல குடுங்க" என்று கரையைப் பார்த்துக் கத்தினான். "சும்மா நிக்கறதுக்கு எதுனா புடிப்போம்."

கூட்டத்தில் யாரும் அசையவில்லை. அப்பாதுரை வேட்டியை மடித்துக் கட்டினார். கரையில் கிடந்த வலையின் ஒரு முனையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, முழங்கால் வரைக்கும் இறங்கி, மீதியை அவனை நோக்கி வீசினார்.

"இதுக்கு மேல வரமாட்டேன்" என்றார்.

"வேணாம். அங்கயே நில்லுங்க" என்று ஞானராஜ் வலையை இழுத்தான்.