இறங்கிக்கொண்டே போன நாற்காலி

பணம் அனுப்புவதற்காக அடுத்தவன் எழுதிய மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிப்பதற்குத்தான் இனியனுக்குச் சம்பளம். கம்பெனி சென்னையில், ஆள் உத்தமபாளையத்தில், மாடி வீட்டுக் கட்டிலில். முதுகுக்கு இரண்டு தலையணை, மடியில் லேப்டாப், நாடி நெஞ்சில் முட்டும்படி ஒரு குனிவு. மூன்று வருடம் இப்படியே ஓடியது. ஒருநாள் பைக்கில் போகும்போது பின்னால் ஹாரன் அடித்த லாரியைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பினான். கழுத்து வரவில்லை. உடம்போடு திரும்பியதில் பைக்கும் கூடவே திரும்பி, இளநீர் வண்டிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. இளநீர்க்காரர் சொன்னதை அவன் வீட்டில் சொல்லவில்லை.

பிசியோதெரபி பார்க்கும் ஜெபா அவன் தலையை இரண்டு பக்கமும் அசைத்துப் பார்த்தார்.

"கழுத்துக்கு ஒண்ணும் ஆகல சார். நீங்க அத வச்சிருக்கிற விதந்தான் சரியில்ல. மொதல்ல கட்டில விட்டு எறங்குங்க. பாதம் ரெண்டும் முழுசா ஊனியிருக்கணும். டைப் அடிக்கிறப்ப தோளத் தூக்கக் கூடாது, முழங்கை மேசை மட்டத்துல நிக்கணும். ஸ்கிரீனோட மேல் விளிம்பு கண்ணுக்கு நேரா வரணும். அரை மணிக்கு ஒருதடவ எந்திரிச்சு நடங்க. அம்புட்டுத்தான்."

அம்புட்டுத்தான் என்ற சொல் இனியனுக்குப் பிடிக்காது. சுலபமான காரியம் எதுவும் தன் தகுதிக்கு ஏற்றதில்லை என்று அவனுக்கு ஒரு நினைப்பு. பதினோரு நாள் நாற்காலி ஆராய்ச்சி செய்தான். நாற்காலியைப் பற்றியே பேசிப் பிழைக்கிறவர்கள் யூடியூபில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே அப்போதுதான் தெரிந்தது. முப்பத்திரண்டு நாற்காலிகளுக்குப் பட்டியல் போட்டு மதிப்பெண் கொடுத்தான். தேறியதெல்லாம் இருபதாயிரத்துக்கு மேல். அவன் மனைவி திரிஷா ஒதுக்கியிருந்ததோ ஐயாயிரம்.

திரிஷா தையல்காரி. அதே அறையின் அடுத்த மூலையில் மிஷின் போட்டு நாளுக்கு ஐந்தாறு ஜாக்கெட் தைக்கிறவள். ஒருநாளும் கழுத்து வலிக்கிறது என்று அவள் சொன்னதில்லை. அது எப்படி என்று கேட்க இனியனுக்குத் தோன்றவில்லை. அவள் யூடியூபில் இல்லையே.

பன்னிரண்டாம் நாள் ஒரு வேலையாகக் கம்பத்துக்குப் போனவன், அங்கேயே ஒரு சலூனில் முடி வெட்ட உட்கார்ந்தான். கடைக்காரர் சங்கிலி அப்போதுதான் புது நாற்காலிகள் இறக்கியிருந்தார். மூலையில் ஒதுக்கியிருந்த பழைய நாற்காலியில் இனியனின் கண் நிலைகுத்தியது. தலை சாய்க்கத் திண்டு, கை வைக்க இடம், கால் வைக்கத் தட்டு. சுற்றினால் சுற்றும், பக்கத்துப் பெடலை மிதித்தால் உயரும். இருபதாயிரத்து நாற்காலியில் என்னென்ன உண்டோ அத்தனையும்!

"அண்ணே, இது வெலைக்கா?"

"எடுத்துக்கங்க தம்பி, நாலாயிரம். ஆனா ஒண்ணு, முடி வெட்டி முடிக்கிற வரைக்கும் நிக்கும். அதுக்கு மேல உக்காந்தா மெல்ல எறங்கிரும். உள்ள ஆயில் கசியுது."

காலமெல்லாம் பிழை தேடித் திரிகிறவனிடம், விற்கிறவரே பிழையை எடுத்துக் கையில் கொடுத்தார். இனியன் அதைச் சொல்லி ஐந்நூறு குறைத்தான். பிறகு இரண்டு நிமிடம் உட்கார்ந்து பார்த்தான். இறங்கவில்லை. திருப்தியாக எழுந்தான்.

அடிப்பாகம் வார்ப்பிரும்பு என்பது வீட்டு மாடிப்படியில்தான் தெரிந்தது. நாலு ஆள் சேர்ந்து தூக்கியதில் இரண்டு இடத்தில் சுவர் பெயர்ந்தது. கீழ்வீட்டுச் சுருளியம்மாள் வாசலுக்கு வந்து பார்த்தாள்.

"கடை தெறக்கப் போறீகளா தம்பி? நல்லதுதான். எங்க வீட்டுக்காரரு சேவிங்குக்குப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடக்காக."

திரிஷா நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாததை இனியன் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு வீடியோ மீட்டிங். எப்போதும் கேமராவை அணைத்துவைப்பவன் அன்று வேண்டுமென்றே போட்டான். தலைக்குப் பின்னால் கறுப்புத் திண்டு கம்பீரமாகத் தெரிந்தது. "என்ன இனியன், மந்திரி மாதிரி இருக்கீங்க?" என்றார் மேலதிகாரி சொர்ணலதா. அடக்கமாகச் சிரித்துவிட்டு, போன மாதப் பிழைகளை ஒவ்வொன்றாக விளக்க ஆரம்பித்தான்.

ஏழாவது பிழைக்கு வரும்போது லேப்டாப் இருந்த மேசையின் விளிம்பு மார்புக்கு வந்திருந்தது. பத்தாவதில் தோளுக்கு. கையை மேலே தூக்கி, சுவருக்கு மேல் எட்டிப் பார்க்கிறவன் மாதிரி டைப் அடித்தான். நாடி மறைந்தது, மூக்கு மறைந்தது. திரையில் நெற்றியும் புது கிராப்பும் மட்டும் பிழைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தன.

"இனியன், எங்க போறீங்க?" என்றார் சொர்ணலதா.

பெடல் நாற்காலியின் பக்கவாட்டில் இருந்தது. நிற்கிறவர் மிதிப்பதற்கானது அது. உட்கார்ந்திருப்பவன் கால் போகாது. "திரிஷா!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டான். அவள் வந்து மிதித்தாள். ஒரு மிதிக்கு நாலு விரற்கடை. கண் வந்தது. இன்னொரு மிதி. மூக்கு வந்தது. இன்னொன்று. வாய் வந்தது. பதினான்கு பேர் மைக்கை அணைக்காமல் சிரித்தார்கள்.

"இதுக்கும் ஒரு பிழை எழுதிப் போட்டுடுங்க. திரும்பத் திரும்ப வருதான்னு பாத்துச் சொல்லுங்க," என்றார் சொர்ணலதா. அவன் பதில் சொல்வதற்குள் நாற்காலி மறுபடி இறங்க ஆரம்பித்திருந்தது.

மீட்டிங் முடிந்ததும் கட்டிலில் போய்க் குப்புற விழுந்தான். கழுத்து வலித்தது. மானமும் வலித்தது. முப்பத்திரண்டு நாற்காலிக்கு மார்க் போட்ட அறிவாளி, எச்சரிக்கையோடு விற்ற முப்பத்து மூன்றாவதை வாங்கியிருக்கிறான். தன்னைப் போல ஒருவன் சோதித்த மென்பொருளை நம்பி எத்தனை பேர் பணம் அனுப்புகிறார்களோ என்று முதல் தடவையாகப் பயந்தான்.

"எந்திரிங்க," என்றாள் திரிஷா. கழுத்தில் அளவு டேப் தொங்கியது. சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு மர நாற்காலியை இழுத்துப் போட்டாள். "இங்கன நிமிந்து உக்காருங்க. கையத் தொங்கவிட்டு மடக்குங்க."

தரையிலிருந்து முழங்கால் மடிப்பு, இருக்கையிலிருந்து முழங்கை, முழங்கையிலிருந்து கண் என்று அளந்து, ஜாக்கெட் அளவு எழுதும் நோட்டிலேயே எழுதினாள். 'செல்வி, கழுத்து ஆறு' என்பதற்குக் கீழே 'இவுக' என்று போட்டாள்.

"ஆளை அளக்காமத் துணிய வெட்டுவாகளா யாராச்சும்? பதினோரு நாளா நாக்காலியத்தான அளந்துக்கிட்டு இருந்தீக?"

"நீ அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"கேட்டாத்தான சொல்ல? எனக்கும் வந்த புதுசுல இடுப்பு, குறுக்கெல்லாம் விட்டுப்போச்சு. ஸ்டூல் கால ரெண்டங்குலம் அறுத்தேன். நீங்க அப்ப இங்கனதான் கட்டில்ல இருந்தீக."

மேசைக்கு முழங்கை மூன்று அங்குலம் இறங்கியிருந்தது. நாலாக மடித்த ஜமுக்காளம் இருக்கையில் ஏறியது. கால் தொங்கியது, அடியில் இரண்டு செங்கல் வைத்து மேலே ஒரு மெல்லிய பலகை. இடுப்புப் பள்ளத்துக்குச் சுருட்டிய துண்டு. சுருளிப்பட்டியில் அவள் அப்பா திராட்சை ஏற்றும் பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் லேப்டாப். அது கண்ணுக்கு நேரே வந்தது. கைக்கு எட்டாமல் போனது. தனிக் கீபோர்டும் மவுஸும் தேனியில் ஆயிரத்து நூறுக்கு வாங்கினான். வாங்குமுன் விமர்சனம் எதுவும் பார்க்கவில்லை. அது அவனுக்குப் பெரிய விரதம்.

மூன்று வாரத்தில் கழுத்து இரண்டு பக்கமும் திரும்பியது. சலூன் நாற்காலியைத் திருப்பி எடுக்கச் சங்கிலி மறுத்துவிட்டார். கீழே இறக்க யாரும் தயாராக இல்லை. ஜாக்கெட் வாங்க வருகிறவர்கள் அதில் உட்காருகிறார்கள். முழுக்க இறங்குவதற்குள் கொக்கி தைத்துக் கொடுத்துவிடுகிறாள் திரிஷா.

போன வாரம் மீட்டிங் முடியும் நேரத்தில், தனக்கும் கழுத்து வலி என்றார் சொர்ணலதா. உங்கள் ஏற்பாட்டைக் கொஞ்சம் சொல்லுங்களேன் என்றார். இனியன் தொண்டையைச் செருமிக்கொண்டான். பாதம், முழங்கை, கண் மட்டம் என்று, ஏதோ பிறந்ததிலிருந்தே தெரிந்தவன்போலப் பத்து நிமிடம் பேசினான். சென்னையில் இரண்டு பேர் குறிப்பெடுத்தார்கள்.

பின்னால் ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் நின்றது.

"ஏங்க," என்றாள் திரிஷா, "முழங்கை அளவ மாத்திச் சொல்றீக. நகருங்க, நான் பேசுறேன்."

இனியன் எழுந்து இடம் விட்டான். அரை மணி ஆகியிருந்தது. எப்படியும் நடக்க வேண்டியதுதான்.