ஒரு வீடு, ஒரு தடவை

ஸ்ரீவில்லிபுத்தூர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக வந்து பட்டினி கிடப்பவர்களுக்குத் தினமும் காலையில் கஞ்சி ஊற்றியது ஜனசேவா சங்கம். ஊர்க்காரர்கள் அதைக் கஞ்சிச் சங்கம் என்றுதான் சொன்னார்கள். பொருளாளர் ஞானரத்தினத்துக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர் அல்லவா, மூக்குக்கு மேல் கோபம்.

சங்கத்தில் ஒரு சட்டம். எந்த வீட்டிலும் ஒரே ஒரு தடவைதான் உதவி கேட்க வேண்டும். திரும்பத் திரும்பப் போய் நின்றால் பிச்சைக்காரர்கள் ஆகிவிடுவோம் என்று அதைப் போட்டவளும் அவள்தான். கேட்க நிமிர்வாகத்தான் இருந்தது. ஆனால் பத்து வருஷத்தில் கேட்காத வீடே இல்லாமல் போயிற்று. கையிருப்பும் கரைந்தது.

"இந்த வாரத்தோட அரிசி காலி, டீச்சரம்மா," என்றார் சங்கத் தலைவர் நைனா முகமது. மளிகைக்கடைக்காரர். "ராஜபாளையத்துல ஒரு பஞ்சு வியாபாரி மொத்தமாத் தாரேங்காரு. சங்கத்துக்கு அவிய அப்பா பேரை வைக்கணுமாம்."

"ஊர்ச் சங்கத்தை ஒருத்தர் பேருக்கு எழுதிக் கொடுக்கவா? முடியாது."

"அப்பம் அடுப்பை அணைச்சிருவமா?"

அன்று சாயங்காலம், சங்கத்துக்கென்று முதன்முதலில் அவள் கேட்ட வீட்டு வாசலில் போய் நின்றாள். மடவார் வளாகம் தெருவில் காய்கறி விற்கும் சுடலையம்மாள் வீடு. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சுடலையம்மா, சங்கத்துக்கு இன்னொரு தடவை..."

சுடலையம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "இப்பமாவது வழி தெரிஞ்சுதா? அன்னைக்கு ஒரு படி அரிசி கொடுத்தேன். அதுக்குப் பொறவு இந்தப் பக்கமே வரலை. நம்ம அரிசி இவியளுக்குக் கேவலமாப் போச்சு போலன்னு எம்புட்டு நாள் மனசு வெந்தேன் தெரியுமா? இந்தத் தெருவுல அம்புட்டுப் பேருக்கும் அந்தக் குறை உண்டு."

ஞானரத்தினத்துக்குச் சுரீர் என்றது. தன் மானத்தைக் காக்கப் போட்ட சட்டம் இத்தனை பேர் மானத்தைச் சுட்டிருக்கிறது.

"இனி வாரா வாரம் வருவேன். போன்னு விரட்டினாலும் வருவேன்," என்றாள்.

சுடலையம்மாள் ஓலைப்பெட்டியை எடுத்து வந்து அரிசியைக் கொட்டினாள். அக்கம்பக்கத்துப் பெண்களையும் சத்தம் போட்டுக் கூப்பிட்டாள். கால்வாசித் தெரு வருவதற்குள்ளேயே பெட்டி நிரம்பிவிட்டது.

"ஆள் விட்டு அனுப்புதேன், டீச்சரம்மா."

"வேண்டாம், நானே கொண்டு போறேன்."

பெட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கடைத்தெரு வழியாகவே நடந்தாள். குறுக்குவழி இருந்தது, அதில் போகவில்லை. துணிக்கடைக்காரர் அசன் முகம்மது கடையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன டீச்சரம்மா, சுமை?"

"கஞ்சிச் சங்கத்து அரிசி," என்றாள் ஞானரத்தினம், கடைத்தெரு முழுக்கக் கேட்கும்படி.